லயனல் கண்டுபிடித்த கள்ள டிஸ்க்

கொடிகாமம் சந்தையில் தேங்காய் வாங்குகிறவர்கள் காயைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பார்கள். சந்தைக்கு எதிர்ப் பக்கம் கேம் கடை வைத்திருந்த லயனல், டிஸ்க்கைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்ப்பார். பார்க்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்வார். திறந்திருந்த மற்றக் கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை என்பது எங்களுக்குப் பிந்தித்தான் தெரிந்தது. அதுவும் அவருடைய மனைவி ஜெயந்தினி ரீச்சர் என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தபடியால்தான் தெரிந்தது.

லயனல் சாவகச்சேரிப் பக்கத்து அமெரிக்க மிஷன் குடும்பம். பூட்டனார் வெள்ளைக்காரப் பாதிரியாரிடம் நேரே இங்கிலிஷ் படித்தவர். பாட்டனார் அந்த இங்கிலிஷைக் கொண்டுபோய் மலாயாவில் ரயில்வேக்குக் கணக்கு எழுதினார். தகப்பனார் ஊரிலேயே இருந்து வாத்தியார் வேலை பார்த்தார். லயனலிடம் வந்து சேர்ந்தபோது இங்கிலிஷ் நன்றாகத் தேய்ந்துபோயிருந்தது. பெருமை மட்டும் பூட்டனாரிடம் இருந்த அளவில் ஒரு சொட்டும் குறையவில்லை. யாரோடு கதைத்தாலும் கொஞ்ச நேரத்தில் "நாங்கள் ஒரிஜினல் மிஷன் ஆக்கள்" என்று சொல்லிவிடுவார். ஒரிஜினல் இல்லாத மிஷன் ஆட்கள் யார் என்று எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பக்கத்து வீட்டிலிருந்து தொடங்கியிருப்பார்.

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில், வெளிநாட்டுக்குப் போன் எடுத்துக் கொடுக்கிற ஒரு கொம்யூனிகேஷன் கடையில் வேலை செய்தார். சண்டை முடிந்து பாதை திறந்ததும், பழைய பிளேஸ்டேஷன் மெஷின்கள் சிலவற்றைப் பெட்டியில் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தார். முதலாவது ரகம், சாம்பல் நிறம், மூடி திறந்து டிஸ்க் வைப்பது. உலகம் அப்போது மூன்றாவது ரகத்தில் விளையாடிக்கொண்டிருந்தது. நாங்கள் மின்சாரமே புதிதாய்க் கண்டவர்கள் மாதிரி இருந்தபடியால் முதலாவதையே வாய் பிளந்து பார்த்தோம்.

மெஷின்களைத் திருத்திக் கொடுத்தவர் கொழும்புப் புறக்கோட்டையில் இருந்த கனிசியஸ், மன்னார்க்காரர். ஒவ்வொன்றின் உள்ளேயும் நகத்தளவு சிப் ஒன்றை ஈயம் உருக்கி ஒட்டியிருந்தார். அது எதற்கு என்று லயனல் கேட்டபோது, கொப்பி டிஸ்க் ஓடுவதற்கு என்றார் கனிசியஸ். சிப் இல்லாவிட்டால் ஏன் ஓடாது என்று லயனல் கேட்கவில்லை. கேட்டால் தனக்குத் தெரியாது என்று ஆகிவிடும். அந்த ஒரு வசனத்தை அவர் வாழ்நாளில் சொன்னதில்லை.

கடையில் இருந்த டிஸ்க்குகள் எல்லாம் கொழும்பில் ஒரு அறைக்குள் கொம்பியூட்டரில் எழுதப்பட்டவை. ஆனால் லயனல் அவற்றை மூன்று சாதியாகப் பிரித்து வைத்திருந்தார்: கொப்பி, ஒரிஜினல் கொப்பி, ஒரிஜினல். கொப்பி என்றால் அடிப்பக்கம் வெள்ளியாய் இருக்கும். ஒரிஜினல் கொப்பி என்றால் வெள்ளிதான், ஆனால் மேலே படம் ஒட்டியிருக்கும். ஒரிஜினல் என்றால் அடிப்பக்கம் கறுப்பு. பிளேஸ்டேஷனின் உண்மையான டிஸ்க்குகளுக்கு அடி கறுப்புத்தான். அதைப் பார்த்துப் புறக்கோட்டையில் கறுப்பு அடி வைத்த வெறும் டிஸ்க்குகளும் விற்றார்கள் என்பது லயனலுக்குத் தெரியாது, அல்லது தெரியவேண்டிய அவசியம் வரவில்லை. அந்தக் கறுப்பைத்தான் மெஷினின் கண் தேடிக் கண்டுபிடிக்கிறது என்று வாடிக்கையாளருக்கு விளக்கம் கொடுப்பார். மாப்பிள்ளைக்கும் பொம்பிளைக்கும் வெள்ளை தேடி அலைகிற எங்கள் ஊரில் கறுப்புக்கு மரியாதை கிடைத்த ஒரே இடம் லயனலின் கடைதான்.

விளக்கம் நன்றாக இருந்தபடியால் ஊர் நம்பியது. கொஞ்சக் காலத்தில் டிஸ்க் மட்டுமல்ல, வெளிநாட்டில் இருந்து வந்த எதையும் அவரிடம் கொண்டுவந்து காட்டத் தொடங்கினார்கள். போன், சார்ஜர், சப்பாத்து, சென்ற் போத்தல். லயனல் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். பெரும்பாலும் கள்ளம் என்றுதான் சொல்வார். ஒரிஜினல் என்று சொன்னால் கொண்டுவந்தவருக்கு மட்டும்தான் சந்தோஷம். கள்ளம் என்று சொன்னால் பக்கத்தில் நின்ற எல்லாருக்கும் சந்தோஷம்.

அந்தக் காலத்தில்தான் பஞ்சலிங்கம் வீட்டு விஷயம் வந்தது.

பஞ்சலிங்கம் தேங்காய் மொத்த வியாபாரி. கொடிகாமத்திலிருந்து கொழும்புக்கு லொறி போகும். மகன் சிவரூபன் வங்கியில் வேலை. மகள் சாருஜா யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரி ஒன்றின் பரிசோதனைக்கூடத்தில் இரத்தம் சோதிக்கிற வேலை. விடியப் பஸ்ஸில் போய்ப் பொழுதுபடத் திரும்புவாள். கூடுதலாகக் கதைக்கமாட்டாள். கதைக்காத பிள்ளையை எங்கள் பக்கத்தில் சம்மதித்த பிள்ளை என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அப்படித்தான் ரொறன்ரோவில் இருந்த செந்தூரனுக்கு அவளைப் பேசினார்கள். எஞ்சினியர், சொந்த வீடு, சாதகம் பொருத்தம்.

ஸ்கைப்பில் முதல் நாள் கதைத்தபோது செந்தூரன் தன் வீட்டின் கராஜை நடந்து நடந்து காட்டினார். கராஜ் கதவு தானாகத் திறப்பதைத் திரும்பத் திரும்பத் திறந்து காட்டினார். பிறகு சாருஜாவிடம் கேட்ட முதல் கேள்வி, லைற்றை நிற்பாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் வந்து இருக்க முடியுமா என்பது. அனுப்பின படத்தில் இருக்கிற நிறம் ஒரிஜினலா, அல்லது ரியூப் லைற்றின் நிறமா என்று அவருடைய அம்மாவுக்கு ஒரு சின்னச் சந்தேகமாம்.

சாருஜா எழும்பிப் போய் ஜன்னல் பக்கம் இருந்தாள். வெயில் முகத்தில் விழுந்தது. ரொறன்ரோவில் தாயும் மகனும் திரைக்குக் கிட்ட வந்து பார்த்தார்கள். பரவாயில்லை என்று முடிவானது. மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் கதைக்கிற பெடியன் என்று பஞ்சலிங்கம் சந்தோஷப்பட்டார். அன்றைக்குச் சாருஜா சாப்பிடவில்லை. வேலைக் களைப்பு என்று தாய் நினைத்தாள்.

சிவரூபனுக்கு லயனலிடம் வாங்கின பழைய மெஷின் ஒன்று வீட்டில் இருந்தது. இருபத்தாறு வயதில், வங்கியில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு இருந்துவிட்டு வந்து, சாரத்தைக் கட்டிக்கொண்டு நிலத்தில் குந்தியிருந்து திரையில் கார் ஓட்டுவான். அதைக் கேள்விப்பட்ட செந்தூரன் வருங்கால மச்சானுக்கு டிஸ்க்குகள் அனுப்புவதாகச் சொன்னார். கனடாவில் நிலக்கீழ் அறையைத் துப்புரவாக்கும் காலங்களில் யாழ்ப்பாணத்தின் மேல் அன்பு பெருகுவது வழக்கம். தான் சின்னனில் விளையாடின டிஸ்க்குகளைத் தேடியெடுத்து, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். "எல்லாம் ஒரிஜினல், அங்கை கண்ணாலையும் கண்டிருக்கமாட்டினம்" என்று போனிலும் சொல்லிவைத்தார்.

சிவரூபன் ஒன்றை எடுத்து மெஷினில் போட்டான். கொம்பனியின் முத்திரை வந்தது. இசை வந்தது. பிறகு திரை கறுத்து, சிவப்பில் ஒரு தடைக்குறியும் அதன் கீழே இங்கிலிஷில் இரண்டு மூன்று வரியும் வந்து, எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. திரும்பப் போட்டான். திரும்பவும் அப்படித்தான். உடுப்பு மடித்துக்கொண்டிருந்த சாருஜா நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். பிறகு மடிப்பைத் தொடர்ந்தாள். சிவரூபனுக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாமல் இல்லை. ஆனால் விளையாட்டு நின்ற கோபத்தில் யாரும் எழுத்து வாசிப்பதில்லை. மற்ற டிஸ்க்குகளைப் போட்டுப் பார்க்காமலே அதை எடுத்துக்கொண்டு நேரே லயனலிடம் போனான்.

லயனல் முதலில் வெயிலில் பிடித்துப் பார்த்தார். அடி நல்ல கறுப்பு. இது அவருக்கு ஒரு சங்கடமான நிமிடம். தன்னுடைய வேதப்படி இது ஒரிஜினல். ஆனால் கடை மெஷினில் போட்டால் அதே முத்திரை, அதே இசை, அதே சிவப்புக் குறி. கடைக்குள் நாலைந்து பேர் நின்றார்கள். லயனல் திரையின் முதல் வரியை உரத்து வாசித்தார்: சொஃப்ற்வெயார் ரேர்மினேற்றட், அதாவது சொஃப்ற்வெயார் நிற்பாட்டப்பட்டது. அடுத்த வரிக்கு அவர் போகவில்லை. முதல் வரியிலேயே தேவையானது கிடைத்துவிட்டது.

"பார் தம்பி, சொஃப்ற்வெயார் கள்ளம் எண்டு மெஷினே பிடிச்சிட்டுது," என்றார்.

அடி கறுப்பாக இருக்கிறதே என்று சிவரூபன் கேட்டான். லயனல் அலுமாரியில் இருந்து தன்னுடைய டிஸ்க் ஒன்றை எடுத்துப் போட்டார். அது சிக்கலில்லாமல் ஓடியது. கார்கள் உறுமின.

"என்ரை டிஸ்க் ஓடுது. உந்த டிஸ்க் ஓடேல்லை. அப்ப எது ஒரிஜினல், நீயே சொல்லு."

நின்றவர்கள் எல்லாரும் லயனலின் டிஸ்க்கைக் கை காட்டினார்கள். கறுப்பு இப்போது போதாது, கனடாவில் சீனாக்காரர் கறுப்பிலேயே கள்ளம் அடிக்கிறார்கள் என்று அந்த இடத்திலேயே தன் வேதத்தைத் திருத்தி எழுதினார் லயனல். டிஸ்க்கைச் சாட்சிப் பொருளாகத் தானே வைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் தேங்காய் உரிக்கிற இடத்தில் பஞ்சலிங்கத்துக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளை கள்ள டிஸ்க் அனுப்பிவிட்டு ஒரிஜினல் என்று சொல்லியிருக்கிறார். டிஸ்க்கைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை, அதை உண்பதா உடுப்பதா என்றும் அவருக்குத் தெரியாது. ஆனால் ஒரு காய் அழுகலென்றால் மூட்டையை அவிழ்த்துக் கொட்டிப் பார்க்கிற வியாபாரி அவர். டிஸ்க் கள்ளமென்றால் எஞ்சினியர் வேலை? வீடு? அந்தக் கராஜ் கதவு?

விசாரணை தொடங்கியது. ரொறன்ரோவின் ஸ்காபரோப் பக்கம் இருந்த ஒன்றுவிட்ட தம்பிக்குப் போன் போனது. அவர் வேறு மூன்று பேரைக் கேட்டார். நல்லது சொல்வதற்கு எங்கள் ஆட்களுக்கு நிறைய யோசிக்கவேண்டும், மற்றது தானாக வரும். வீடு கடன் கட்டி முடியாத வங்கியின் வீடு என்றார் ஒருவர். அந்த நகரத்தில் வங்கியின் வீடாக இல்லாத வீடு எது என்று அவர் சொல்லவில்லை. எஞ்சினியர்தான், ஆனால் என்ன எஞ்சினியர் என்று தெளிவில்லை என்றார் இன்னொருவர். மூன்றாவது ஆளுக்குச் செந்தூரனைத் தெரியாது. தெரியாது என்பதே ஒரு மாதிரியான சேதி என்று கொடிகாமத்தில் எடுத்துக்கொண்டார்கள்.

கடைசியில் பஞ்சலிங்கம் ஸ்கைப்பில் வந்து, வேலை செய்கிற அடையாள அட்டையைக் கமராவில் காட்டமுடியுமா என்று மாப்பிள்ளையைக் கேட்டார். வெளிச்சத்தில் பிடித்தால் நல்லது என்றும் சொன்னார்.

செந்தூரன் கமராவைத் தாயின் பக்கம் திருப்பினார். பிறகு அவருடைய தாய் பேசினார், அது நெடுநேரம் நடந்தது. தங்கள் பிள்ளையைச் சந்தையில் காய் பார்க்கிற மாதிரிப் பார்க்கிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. தன் மகனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க இவர்கள் யார் என்று கேட்டார். சொல்லிக்கொண்டிருக்கும்போது அவருக்கு ஜன்னல் ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை. அந்தக் கிழமையே சம்பந்தம் முறிந்தது.

லயனலுக்கு அது பொற்காலம். ஒரு குடும்பத்தையே காப்பாற்றின மனிதர். சந்தைக்கு வந்தவர்கள் கடைக்குள் எட்டிப் பார்த்து, அந்த டிஸ்க்கைக் காட்டச் சொன்னார்கள். லயனல் அதை மெஷினில் போடுவார். சிவப்புக் குறி வரும். "இதுதான் மாப்பிள்ளையின்ரை சாதகக் குறிப்பு" என்று சொல்வார். ஆட்கள் சிரித்துவிட்டு, வாழைக்குலையைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

ஒரு சனிக்கிழமை ஜெயந்தினி ரீச்சர் மத்தியானச் சாப்பாடு கொண்டு கடைக்குப் போனார். பள்ளிக்கூடத்தில் அவர் இங்கிலிஷ் படிப்பிக்கிறவர். பரீட்சைத் தாள்களைத் திருத்தித் திருத்தி, எழுத்தைக் கண்டால் கடைசி வரி வரை வாசிக்கிற பழக்கம் அவருக்கு. லயனல் யாருக்கோ காட்டிவிட்டுத் திரையை அப்படியே விட்டிருந்தார். ரீச்சர் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கையில் வைத்தபடி வாசித்தார். பிறகு பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு இன்னொரு தரம் வாசித்தார்.

"இஞ்சருங்கோ, உது டிஸ்க்கைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. மெஷினை ஆரோ மாத்தியிருக்கினம் போல கிடக்கு எண்டெல்லோ சொல்லுது."

லயனல் சிரித்தார். அது கொம்பியூட்டர் இங்கிலிஷ், பள்ளிக்கூட இங்கிலிஷ் இல்லை என்றார். மெஷினைச் சொல்கிற 'கொன்சோல்' என்ற சொல் கொம்பியூட்டரில் டிஸ்க்காகிவிடுமா என்று ரீச்சர் கேட்டார். லயனல் சோற்றைப் பிசைந்தார். முதல் வரி என்ன, இரண்டாவது வரி என்ன என்று வகுப்பில் கேட்கிற மாதிரி ரீச்சர் கேட்டுக்கொண்டே போக, சாப்பாட்டைப் பாதியில் விட்டுக் கை கழுவி, கனிசியஸுக்குப் போன் எடுத்தார். தனக்குத் தெரியாததைக் கேட்பதாகக் காட்டிக்கொள்ளாமல், ஒரு வாடிக்கையாளர் கேட்பதாகச் சொல்லித் தொடங்கினார்.

கனிசியஸ் கேட்டவுடனே சொன்னார். கறுப்பெல்லாம் வெறும் சாயம், அழகுக்குப் போட்டது. உண்மையான அடையாளம் டிஸ்க்கின் உள்வட்டத்தில் இருக்கிறது. டிஸ்க்கில் தரவு ஒரு மெல்லிய சுருள் கோட்டில் ஓடுகிறது. தொழிற்சாலையில் அச்சடிக்கும்போது, தொடக்கத்தில் அந்தக் கோட்டை வேண்டுமென்றே கொஞ்சம் நெளியவைக்கிறார்கள். அந்த நெளிவுக்குள் சில எழுத்துகள் ஒளிந்திருக்கும், எந்தக் கண்டத்துக்கு அடித்த டிஸ்க் என்பதும் அதில் இருக்கும். மெஷின் முதலில் அதைத்தான் தடவிப் பார்க்கும். கொப்பி அடிக்கிறவரின் கொம்பியூட்டர் தரவை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதும், நெளிவை எழுதாது. ஏனென்றால் கடையில் வாங்குகிற வெறும் டிஸ்க்கில் கோடு ஏற்கெனவே கீறப்பட்டுத்தான் வருகிறது. அதை வளைக்கிற வேலை எழுதுகிற கருவிக்கு இல்லை. அதனால்தான் கொப்பி ஓடாது. அதனால்தான் சிப். டிஸ்க் சொல்லவேண்டிய எழுத்துகளைச் சிப் தானாகவே மெஷினின் காதில் சொல்லிக்கொடுக்கும். அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் என்று மூன்று பெயரையும் மாறி மாறிச் சொல்லும். எது பலித்தாலும் உள்ளே போய்விடலாம்.

அப்படியென்றால் ஒரிஜினல் டிஸ்க் ஏன் நிற்கிறது என்று லயனல் கேட்டார். வாடிக்கையாளரை அவர் இப்போது மறந்துவிட்டார்.

"அண்ணை, சிப்புக்கு வாயை மூடத் தெரியாது," என்றார் கனிசியஸ். "ஜெபம் துவங்க முன்னமும் ஆமென், முடிஞ்ச பிறகும் ஆமென் சொல்லிற ஆள் மாதிரி. சில கேம் கெட்டித்தனமாய் நடுவிலை, நெளிவே இல்லாத இடத்திலை வைச்சு, எழுத்து ஏதும் வருதோ எண்டு மெஷினைக் கேக்கும். அந்த இடத்திலை ஒரு சத்தமும் வரக்கூடாது. வந்தால் உள்ளுக்கை கள்ளன் இருக்கிறான் எண்டு விளங்கிடும்."

கொப்பி அடிக்கிறவர்கள் அந்தச் சோதனையை வெட்டி எடுத்துவிட்டுத்தான் எழுதுகிறார்கள், அதனால் உங்களுடைய கொப்பி ஓடும், வாடிக்கையாளரின் ஒரிஜினல் ஓடாது என்றும் சொன்னார். பிறகு அந்த வாடிக்கையாளரின் டிஸ்க்கைக் கவனமாக வைத்திருக்கச் சொல்லுங்கள், அருமையான ஒரிஜினல் என்றார்.

லயனல் போனை வைத்துவிட்டு மெஷின்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கள்ளம் முழுக்கத் தன்னுடைய கடைக்குள்தான் இருந்தது. சிவரூபனுக்கு விற்றதும் அதில் ஒன்று.

ரீச்சர் விடவில்லை. உங்களுடைய வாயால் ஒரு பிள்ளையின் கலியாணம் குழம்பிப்போனது, நீங்களே போய்ச் சொல்லவேண்டும் என்றார். லயனல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இருந்துகொண்டு யோசித்தார். பக்கத்தில் இருந்தவர்கள் ஆமென் சொன்னபோதெல்லாம் திடுக்கிட்டார். திங்கட்கிழமை பின்னேரம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பஞ்சலிங்கம் வீட்டுப் பக்கம் போனார். போகிற வழியெல்லாம் வசனத்தைச் சரிப்படுத்தினார். பிழை தன்னுடையது என்று வராமலும், டிஸ்க் சரி என்று வருகிற மாதிரியும் ஒரு வசனம் அமைப்பது கடினமாக இருந்தது. தொழில்நுட்பம் மாறிவிட்டது என்று தொடங்கலாம் என்று நினைத்தார்.

கேற்றடியில் சாருஜா பஸ்ஸால் இறங்கி வந்துகொண்டிருந்தாள். கைப்பையைத் தோளில் மாற்றிக்கொண்டு நின்றாள். அப்பாவைப் பார்க்க வந்தீர்களா என்று கேட்டாள். லயனல் ஓம் என்றார். அந்த டிஸ்க் விஷயமாக ஒரு சின்ன விளக்கம் என்று இழுத்தார்.

"எனக்குத் தெரியும், அண்ணை," என்றாள் சாருஜா. "முதல் நாளே வாசிச்சனான். மெஷினிலைதான் பிழை எண்டு கிடந்தது."

லயனலுக்கு உடனே விளங்கவில்லை. தெரிந்துமா பேசாமல் இருந்தாய் என்று கேட்டார்.

"தெரிஞ்சபடியால்தான் பேசாமல் இருந்தனான். ஜன்னலுக்குப் பக்கத்திலை என்னைக் கொண்டுபோய் இருத்திப் பாத்தவை. அண்டைக்கு வீட்டிலை ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லேல்லை. எனக்கு விருப்பமில்லை எண்டு நான் சொன்னால் அது ஒரு காரணமில்லை. டிஸ்க் கள்ளம் எண்டு நீங்கள் சொன்னது காரணமாய்ப் போச்சு. இப்ப போய் அதைக் கெடுக்காதேங்கோ."

லயனல் ஹெல்மெட்டைக் கையில் உருட்டினார். ஆனால் உண்மை என்று ஒன்று இருக்கிறது என்றார். தனக்கு ஒரு பெயர் இருக்கிறது, தான் ஒரு பொய்க்குத் துணைபோக முடியாது என்றார். மிஷன் குடும்பம் என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

"உங்கடை கடையிலை ஒரிஜினல் எண்டு எழுதி வைச்சிருக்கிற டிஸ்க் எல்லாம் எங்கை எழுதினது, அண்ணை?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. பரிசோதனை முடிவைச் சொல்கிற மாதிரி, குரலை உயர்த்தாமல் கேட்டாள். பிறகு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள் என்று கேற்றைத் திறந்துவிட்டாள். லயனல் உள்ளே போனார். பஞ்சலிங்கம் எழும்பி வந்து கையைப் பிடித்து, பிள்ளையைக் காப்பாற்றித் தந்த கை என்றார். தேத்தண்ணி வந்தது. லயனல் குடித்தார். தேங்காய் விலை பற்றிக் கதைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். நடந்ததைக் கேட்ட ரீச்சர் கதிரையில் இருந்து சிரித்த சிரிப்பில் லயனல் இராச் சாப்பாட்டுக்கு முன்னமே படுத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அவருடைய கஷ்டம் தொடங்கியது. இத்தனை வருடம் தெரியாத விஷயங்களைத் தெரிந்த மாதிரி விளக்கிக்கொண்டிருந்த மனிதருக்கு, முதன்முறையாக ஒரு விஷயம் உண்மையாகவே தெரிந்திருந்தது. உள்வட்டம், நெளிகிற கோடு, வாய் மூடாத சிப், நடுவில் வருகிற கேள்வி. எவ்வளவு அழகான விளக்கம். ஒருவருக்கும் சொல்ல முடியாது. சொன்னால் அடுத்த கேள்வி செந்தூரனின் டிஸ்க்கில் வந்து நிற்கும். கறுப்பு அடியைப் பற்றிப் பழைய பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவருடைய தொண்டையில் உண்மை ஏறி ஏறி இறங்குவதைப் பார்க்கலாம் என்று ரீச்சர் சொல்வார். சாட்சி டிஸ்க்கைப் பார்க்கக் கேட்டவர்களுக்கு அது உடைந்துவிட்டது என்றார்.

அதைவிடப் பெரிய தலையிடி, ஊர் அவரை மாப்பிள்ளை சோதிக்கிறவராக ஆக்கிவிட்டது. பஞ்சலிங்கம் போகிற இடமெல்லாம் சொன்னார். வெளிநாட்டுச் சம்பந்தம் பேசுகிற வீடுகளில் இருந்து, மாப்பிள்ளை அனுப்பின பொருளைத் துணியில் சுற்றிக்கொண்டு தகப்பன்மார் வந்தார்கள். முன்பு வாய் கூசாமல் கள்ளம் என்று சொன்னவருக்கு இப்போது பயம். கள்ளம் என்றால் ஒரு கலியாணம் போய்விடும். ஆகவே எதைக் கொண்டுவந்தாலும் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு ஒரிஜினல் என்றார். அந்த வருடம் எங்கள் பகுதியில் கலியாணங்கள் தடையில்லாமல் நடந்தன.

மிருசுவில் பக்கத்து வீடு ஒன்றுக்கு அப்படி ஒரு சுவிஸ் மாப்பிள்ளை வந்தார். அவர் அனுப்பின கை மணிக்கூட்டை லயனல் பார்த்து, ஒரிஜினல் என்று சொல்லிவிட்டார். கலியாணம் முடிந்து கொஞ்ச மாதத்தில், மாப்பிள்ளைக்கு அங்கே ஏற்கெனவே ஒரு மனைவி இருப்பது தெரியவந்தது. பெண்ணின் தகப்பன் கடைக்கு வந்து சத்தம் போட்டார். சந்தை முழுக்க வந்து நின்றது. லயனல் மணிக்கூட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "அண்ணை, நான் மணிக்கூட்டைத்தானே பாத்தனான்," என்றார். "மணிக்கூடு ஒரிஜினல்தான்." அது உண்மை. அவர் சொன்ன தீர்ப்புகளில் பிழையில்லாத ஒரே தீர்ப்பாக அது இருக்கலாம். அடுத்த நாளிலிருந்து தகப்பன்மார் வரவில்லை. லயனல் நிம்மதியாக நித்திரை கொண்டார்.

சாருஜா ரொறன்ரோவுக்கும் போகவில்லை, வேறு எங்கும் போகவில்லை. யாழ்ப்பாணத்தில் அறை எடுத்து இருந்து மேலே படித்தாள். வீட்டில் கொண்டுவந்த அடுத்த இரண்டு சம்பந்தங்களை எந்த டிஸ்க்கின் உதவியும் இல்லாமல் வேண்டாம் என்றாள். இரண்டாவது தரம் சொன்னபோது பஞ்சலிங்கம் காரணம் கேட்கவில்லை. முப்பத்து மூன்று வயதில் தொண்டைமானாற்றுக்காரர் ஒருவரைத் தானே பேசிக் கட்டிக்கொண்டாள். செந்தூரன் கனடாவிலேயே யாரையோ கட்டியதாகக் கேள்வி. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு குற்றமும் செய்யாத டிஸ்க்கை அனுப்பிவிட்டு, ஜன்னல் விஷயத்தில் செய்த குற்றத்துக்குத் தண்டனை வாங்கிக்கொண்டவர்.

லயனலின் கடை இப்போதும் இருக்கிறது. தலை நரைத்துவிட்டது. மெஷின்கள் நாலாவது ரகத்துக்கு வந்துவிட்டன. டிஸ்க்கே இல்லை, எல்லாக் கேமையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக் கொடுக்கிறார். எந்தக் கோடும் நெளிவதில்லை, எதையும் வெயிலில் பிடித்துப் பார்க்க முடியாது. போன மாதம் ஒரு பெடியனுக்கு, அந்தக் காலத்து மெஷின்கள் கள்ள டிஸ்க்கை எப்படிக் கண்டுபிடித்தன என்று உள்வட்டத்தில் இருந்து தொடங்கி விபரமாகச் சொல்ல முற்பட்டிருக்கிறார். பெடியன் போனைப் பார்த்துக்கொண்டே, "அண்ணை, ஏத்தி முடிய இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டானாம்.